கால்சியத்துக்கு ஒன்று, துத்தநாகத்துக்கு வேறொன்று: செல்லுக்குள் உலோக அயனி பார்க்க எந்தப் புரோப்?

துத்தநாகம் காட்டும் ஒளிர்சாயத்தை முதன்முதலில் கையில் எடுத்தபோது, மருந்து கொடுத்த செல்கள் பச்சைப் பச்சையாய்ப் புள்ளி வைத்து மின்னின. கொடுக்காதவை மங்கலாகவே கிடந்தன. மூன்று வாரம் அந்தப் படத்தைக் காட்டித் திரிந்தேன். பிறகு ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: “டிபென் போட்டுப் பார்த்தாயா?” டிபென் என்பது துத்தநாகத்தை இறுகப் பிடிக்கும் கீலேட்டர், அதாவது உலோக அயனியைக் கவ்விக்கொள்ளும் மூலக்கூறு. செல்லுக்குள் நுழைந்து சாயத்திடமிருந்து அயனியைப் பறித்துவிடும். போட்டேன். புள்ளிகள் துளியும் மங்கவில்லை. அடுத்த நாள் சாயமே போடாத செல்களுக்கு மருந்தை மட்டும் கொடுத்தேன். அதே பச்சைப் புள்ளிகள். மருந்துதான் ஒளிர்ந்துகொண்டிருந்தது, செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்களில் குவிந்து.

அயனி ஒட்டினால் ஒளி மாறும் சாயத்தையோ புரத உணரியையோதான் புரோப் என்கிறோம். அன்றிலிருந்து ‘எந்தப் புரோப் நல்லது?’ என்று யாராவது கேட்டால், ‘எதன் ஒளியை உங்களால் அணைத்துக்காட்ட முடியும்?’ என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். கீழே வரும் ஒப்பீடும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

எண் தெரியாமல் சாயம் வாங்காதீர்கள்

செல்லில் ஓர் உலோகம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. எதனோடும் இறுக ஒட்டாமல் அதில் எவ்வளவு உலவுகிறது என்பது இன்னொரு கணக்கு. புரோப் காண்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். (கீழே வரும் மோலார் என்பது அடர்வின் அலகு; மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ ஒவ்வொன்றும் முந்தையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) துத்தநாகம் ஒரு பாலூட்டிச் செல்லில் மொத்தம் சில நூறு மைக்ரோமோலார் இருக்கும். செல்லை நிரப்பும் திரவமான சைட்டோசாலில் கட்டில்லாமல் இருப்பதோ சில நூறு பிக்கோமோலார். இடைவெளி ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. மீதியெல்லாம் புரதங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கால்சியத்துக்கு இடத்தைப் பொறுத்து எண் மாறும்: ஓய்ந்திருக்கும் செல்லின் சைட்டோசாலில் 100 நானோமோலார் அளவு, கால்சியத்தைச் சேமிக்கும் உள்ளறையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் சில நூறு மைக்ரோமோலார், செல்லுக்கு வெளியே 1 முதல் 2 மில்லிமோலார்.

புரோபின் பக்கத்தில் இதற்கு ஈடான எண் பிரிகை மாறிலி, பேச்சுவழக்கில் ‘கேடி’. அயனியின் அடர்வு கேடிக்குச் சமமாக இருந்தால் புரோபில் பாதி நிரம்பியிருக்கும். கேடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அநேகமாக இருட்டு. பத்து மடங்குக்கு மேலே போனால் அநேகமாக முழு வெளிச்சம். இரண்டு முனைகளிலும் அயனி ஏறினாலும் இறங்கினாலும் படத்தில் தெரியாது. ஆகவே விற்பனைப் பட்டியலில் ‘மிக உயர்ந்த நாட்டம்’ (அயனியை மிக இறுகப் பிடிக்கும், அதாவது கேடி மிகச் சிறியது) என்று போட்டிருப்பதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அயனி மிகுந்த இடத்தில் அப்படிப்பட்ட புரோப் எந்நேரமும் நிரம்பியே இருக்கும். அதனிடமிருந்து எந்தச் செய்தியும் வராது.

இன்னொன்று. இந்தப் புரோப்களில் பெரும்பாலானவை தாமே கீலேட்டர்கள். சாயத்தைச் செல்லுக்குள் அனுப்ப வேதியியலாளர் ரோஜர் சியென் 1981-இல் காட்டிய வழி இன்றும் புழக்கத்தில் உள்ளது: சாயத்தின் எதிர்மின் கைகளை ஏஎம் எஸ்டர் என்ற மின்சுமையற்ற மூடியால் மூடிவிட்டால் அது சவ்வைத் தாண்டி உள்ளே போகும், உள்ளே எஸ்டரேஸ் நொதிகள் மூடியைக் கழற்றியதும் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே 1 முதல் 5 மைக்ரோமோலார்தான் ஊற்றுகிறோம் என்று நினைப்போம். உள்ளே அது பத்து, நூறு மைக்ரோமோலாராகக் குவிந்துவிடும். சில நூறு பிக்கோமோலார் அயனியைத் தேடி நூறு மைக்ரோமோலார் கீலேட்டரை இறக்கினால், இருந்த நிலையைப் பார்க்கிறோமா, நாம் கலைத்துவிட்ட நிலையைப் பார்க்கிறோமா? படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை என்று சாயத்தைக் குறைத்துப் போடுவதே என் வழக்கம்.

கால்சியம்: தேர்வுகள் நிறைய, குழப்பம் குறைவு

இந்தத் துறை கால்சியத்தில்தான் முதிர்ந்தது. 1980-இல் சியென் உருவாக்கிய பாப்டா என்ற கீலேட்டரின் முதுகில்தான் பின்னால் வந்த சாயங்களில் பெரும்பாலானவை ஏறி உட்கார்ந்திருக்கின்றன. உண்மையான போட்டி மூன்றுக்குள்தான்: 1985-இல் வந்த ஃபியூரா-2, பின்னால் வந்த ஃபுளுவோ-4, மரபணுவாகச் செலுத்தப்படும் ஜீகேம்ப்.

ஃபியூரா-2-ஐ 340, 380 நானோமீட்டர் என இரண்டு ஒளியால் மாற்றி மாற்றித் தூண்டி, 510 அருகே வெளிவரும் ஒளியை அளக்கிறோம். கால்சியம் ஒட்டினால் 340-இன் பலன் ஏறும், 380-இன் பலன் இறங்கும். இரண்டுக்குமான விகிதத்தை எடுத்தால் செல்லின் தடிமன், சாயம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு வெளுத்தது ஆகியவை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஃபுளுவோ-4 ஒற்றை நிறம். 488 நானோமீட்டர் லேசர் இருக்கும் எந்தக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியிலும் ஓடும். கால்சியம் ஒட்டினால் நூறு மடங்குக்கு மேல் பிரகாசிக்கும். கேடி 345 நானோமோலார். பார்க்கக் கண்ணுக்கு விருந்து. ஆனால் ஒரு செல் இன்னொரு செல்லைவிட வெளிச்சமாக இருந்தால், அதில் கால்சியம் கூடுதலா, சாயம் கூடுதலா என்று அதனால் சொல்ல முடியாது.

ஆகவே நான் வகுத்துக்கொண்டது இப்படி. நோயுள்ள செல்லையும் நலமான செல்லையும் பக்கத்தில் வைத்து, ‘ஓய்வுநிலைக் கால்சியம் வேறுபடுகிறதா?’ என்று கேட்டால் ஃபியூரா-2 தவிர வேறு பேச்சே இல்லை. ஒரே செல்லில் தூண்டலுக்கு முன், பின் என்று ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்க்கப்போகிறேன் என்றால் ஃபுளுவோ-4 தாராளமாகப் போதும். ஃபியூராவுக்கு 340-ஐக் கடத்தும் லென்ஸும், வேகமாக அலைநீளம் மாற்றும் விளக்கும் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிவிடும். அந்த வசதி இல்லாததால் ஃபுளுவோ-4-ஐ எடுத்துவிட்டு, கட்டுரையில் ‘ஓய்வுநிலைக் கால்சியம் உயர்ந்தது’ என்று எழுதுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். செல்களைக் குழாயில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் மட்டும் இண்டோ-1 முந்தும். அதற்குத் தூண்டும் ஒளி ஒன்றே போதும்; உமிழ்வைத்தான் 405, 485 என்று இரண்டாகப் பிரிக்கிறோம்.

ஃபியூரா-2 மீது எனக்கு உள்ள ஒரே புகார் துத்தநாகம். கால்சியத்தைவிடத் துத்தநாகத்தை அது பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அப்போதும் கால்சியம் ஒட்டியது போன்ற நிறமாலையையே காட்டும். செல்லுக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் கொடுக்கும் சோதனைகளில் புரதங்களிலிருந்து துத்தநாகம் அவிழ்வது வழக்கம். அங்கே ஏறும் விகிதத்தைக் கால்சியம் என்று எழுதுமுன் சில மைக்ரோமோலார் டிபென் போட்டுப் பாருங்கள். அந்த அளவில் டிபென் சைட்டோசால் கால்சியத்தைத் தொடாது. விகிதம் இறங்கினால், அந்த ஏற்றத்தில் துத்தநாகத்துக்கும் பங்கு உண்டு.

ஜீகேம்ப் 2001-இல் வந்தது. பச்சை ஒளிர்புரதத்தை வெட்டி முனை மாற்றி, கால்சியத்தைப் பிடிக்கும் புரதமான கால்மாடுலினோடும் அது பற்றிக்கொள்ளும் ஒரு பெப்டைடோடும் கோத்த உணரி. 2013-இன் ஆறாம் தலைமுறை நரம்பணு ஆய்வையே மாற்றிப்போட்டது. 2023-இல் எட்டாம் தலைமுறை வந்து வேகத்தைக் கூட்டியது. இதன் பெரிய பலம் முகவரி. எந்த வகைச் செல், செல்லுக்குள் எந்த அறை என்பதை மரபணுவிலேயே எழுதிவிடலாம். சாயத்தில் இதற்கு ஈடு கிடையாது. நேர்மின் ஏறிய ரோட்-2 மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தானாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் சவ்வு மின்னழுத்தம் சரிந்தால் சாயமே வெளியேறும், நாம் கால்சியம் இறங்கிவிட்டது என்று எழுதுவோம்.

ஜீகேம்பின் விலை காலம். வைரஸ் செலுத்தி இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். குருதியிலிருந்து அன்று எடுத்த செல்லை அன்றே பார்ப்பவருக்கு இது உதவாது. அமிலத்தன்மை மாறினாலும் இதன் ஒளி மாறும். நாள்பட மிகையாக உற்பத்தியானால் உட்கருவுக்குள்ளும் நிரம்பும்; உட்கரு பச்சையாகத் தெரியும் நரம்பணுவை எண்ணிக்கையிலிருந்து விலக்கிவிடுங்கள், அது நலமாக இல்லை.

எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. அங்கே நாட்டம் குறைந்தவைதான் வேண்டும்: கேடி 25 மைக்ரோமோலார் உள்ள மேக்-ஃபியூரா-2, 90 மைக்ரோமோலார் உள்ள ஃபுளுவோ-5என் போன்றவை. மேக்-ஃபியூரா-2 மெக்னீசியத்துக்காகப் பிறந்த சாயம். மெக்னீசியம் பார்க்கிறேன் என்று அதைப் போட்டுவிட்டு, கால்சியம் பாயும் நேரத்தில் அளந்தால் எது எது என்று பிரிக்க முடியாது.

துத்தநாகம்: இங்கேதான் தேர்வு உண்மையில் கடினம்

புழக்கத்தில் முன்னிற்கும் சாயம் ஃபுளுவோசின்-3. பாப்டாவின் நான்கு அமிலக் கைகளில் ஒன்றை நீக்கிக் கால்சிய நாட்டத்தைக் கெடுத்துச் செய்தது. கேடி 15 நானோமோலார். சைட்டோசாலில் 0.4 நானோமோலார் துத்தநாகம் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: 100 சாய மூலக்கூறில் இரண்டு மூன்றுதான் நிரம்பியிருக்கும். அது இரட்டித்தால் ஐந்து. இந்த மாற்றம் பின்னணி இரைச்சலில் காணாமல் போகும். ஆகவே ஓய்வுநிலை சைட்டோசாலுக்கு ஃபுளுவோசின்-3 பொருந்தாது. நரம்பணுவின் முனையிலிருந்தோ கணையத்தின் பீட்டா செல்லிலிருந்தோ துத்தநாகம் வெளியே கொட்டும் கணத்தைப் பிடிக்க, ஏஎம் மூடி இல்லாத, செல்லுக்குள் போகாத வடிவத்தில் அதைக் கரைசலில் வைத்துப் பார்ப்பது வேறு கதை. அங்கே அது சிறப்பாக வேலை செய்யும்.

சின்பைர்-1-இன் கேடி 0.7 நானோமோலார். எண்ணளவில் சைட்டோசாலுக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒற்றை நிறம், அமிலத்தன்மைக்கும் அசையும். பழைய சாயங்களான டிஎஸ்கியூ, சின்குவின் இரண்டிலும் வேறொரு சிக்கல்: புரதத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் துத்தநாகத்தின் மேலேயே போய் உட்கார்ந்து, புரதம், உலோகம், சாயம் என மூன்றும் சேர்ந்த நிலையில் ஒளிரும். அவை காட்டுவது கட்டில்லாத அயனி என்று எழுதுவது தவறாகிவிடும்.

மரபணு உணரிகளில் ஈகால்வி வரிசை 2009-இல் வந்தது. அதில் ஈகால்வி-4-இன் கேடி 630 பிக்கோமோலார். மேலே போட்ட அதே 0.4 நானோமோலாருக்கு நூறில் 39 நிரம்பியிருக்கும். ஏறினாலும் தெரியும், இறங்கினாலும் தெரியும். இரண்டு நிறங்களின் விகிதத்தில் படிப்பதால் உணரியின் அளவும் கணக்கைக் கெடுக்காது. குறை என்னவென்றால் அந்த விகிதம் மொத்தமே இரண்டு மடங்கு அளவுதான் அசையும். சாயம் காட்டும் பளிச்சென்ற படம் கிடைக்காது. வரைபடத்தில் ஒரு சிறு சரிவு கிடைக்கும். பார்வையாளரை வாயடைக்க வைக்கும் படம் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். சைட்டோசால் துத்தநாகம்தான் கேள்வி என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். பழைய மருந்துச் சோதனையை இதை வைத்துத் திருப்பிச் செய்தபோது விகிதம் அசையவே இல்லை.

ஆனால் மரபணு உணரியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் எவ்வளவு துத்தநாகம் என்ற ஒரே கேள்விக்கு, 2011-இல் சேப்சிஒய்1 என்ற உணரி தந்த விடை ஒரு பிக்கோமோலாருக்குச் சற்றுக் குறைவு. 2014-இல் ஈகால்வி வகை உணரி தந்த விடை 5 நானோமோலாருக்குக் குறையாது. இரண்டும் விகிதம் காட்டுபவை, இரண்டும் கவனமாக அளவுத்திருத்தம் செய்யப்பட்டவை. இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு. முதல் உணரியின் கேடி 2.5 பிக்கோமோலார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உணரியின் நாட்டம் விடையோடு எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்று புரியும். அதனால் புதிய அறைக்குள் போகும்போது கேடி வேறுபட்ட இரண்டு உணரிகளையாவது போட்டு, இரண்டும் ஒரே எண்ணுக்கு வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டிலும் சோதனை முடிவில் டிபென் போட்டு அடிநிலையையும், துத்தநாகத்தைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் பைரிதயோனோடு துத்தநாகம் கொடுத்து உச்சநிலையையும் அதே செல்லில் அளந்துவிடுங்கள்.

டிபெனும் புனிதம் இல்லை. செம்பையும் இரும்பையும் கூட அது பிடிக்கும். சில மணி நேரம் விட்டால் செல்லைக் கொன்றுவிடும். நிமிடங்களில் பார்த்து முடித்துவிட வேண்டும்.

செம்பும் இரும்பும்: சந்தேகத்தோடு

செம்பில் என் அறிவுரை எரிச்சல் தரும்: முடிந்தால் புரோபை முதல் சாட்சியாக வைக்காதீர்கள். ஈஸ்ட் செல்லில் கட்டில்லாத செம்பு அயனி சராசரியாக ஒன்றுகூட இல்லை என்று 1999-இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். செம்பு கை மாறிக் கை மாறிப் புரதத்திலிருந்து புரதத்துக்குப் போகிறது. நடுவில் செம்பைப் பிடிக்கும் சிறு மூலக்கூறான குளூட்டாதயோன் வேறு மில்லிமோலார் அளவில் காத்திருக்கிறது. சைட்டோசாலில் செம்பு பெரும்பாலும் ஒற்றை நேர்மின் நிலையில் இருக்கிறது. அதற்காக 2005, 2006 வாக்கில் வந்த சிடாப்-1, சிஎஸ்1 போன்ற சாயங்கள் கந்தக அணுக்களைக் கொக்கியாகக் கொண்டவை. இவற்றில் எண்ணெய்த்தன்மை மிகுந்தவை தண்ணீரில் தனித்தனி மூலக்கூறாகக் கரையாமல் திரளும். திரளிலிருந்து சவ்வுக்குப் போனாலே ஒளி மாறும், செம்பு தேவையில்லை. இரட்டை நேர்மின் செம்புக்கு என்று வரும், அயனி ஒட்டினால் ஒளி மங்கும் ‘அணைந்து காட்டும்’ புரோப்களை நான் பொருட்படுத்துவதே இல்லை. காந்தப்பண்புள்ள அந்த அயனி எந்தச் சாயத்தையும் மங்கவைக்கும். சாயம் வெளுத்தாலும் கசிந்தாலும் அதே மங்கல்தான்.

இப்படிப்பட்ட புரோப்களின் ஆய்வுக்கட்டுரைகளில் ஒரு பட்டை வரைபடம் தவறாமல் இருக்கும். பதினைந்து உலோகங்களைச் சம அளவில் தனித்தனிக் குழாயில் ஊற்றி, ஒன்று மட்டும் வானைத் தொடுவதாகக் காட்டுவார்கள். செல்லுக்குள் எதுவும் சம அளவில் இல்லை. பொட்டாசியம் 140 மில்லிமோலார், மெக்னீசியம் ஒரு மில்லிமோலாரை ஒட்டி, கட்டில்லாத துத்தநாகம் மெக்னீசியத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வரைபடத்தைத் தாண்டி, புரதமும் குளூட்டாதயோனும் கலந்த கரைசலில் செய்த சோதனை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது குழாய்க்கான புரோப்.

இரும்பில் நிலைமை சற்றுத் தேவலாம். அணைந்து காட்டுபவற்றை இப்போதுதான் திட்டினேன். கால்சீன் மட்டும் விதிவிலக்கு. செல்லில் தளர்வாக இருக்கும் இரும்பு அதன் ஒளியை மங்கவைக்கும். பிறகு செல்லுக்குள் நுழையும் வலுவான இரும்புக் கீலேட்டரைப் போட்டால் ஒளி மீளும். மீண்ட அளவுதான் விடை. மங்கலை நம்பாமல் மீள்வதை அளப்பதால்தான் இந்த முறை நிலைத்திருக்கிறது. 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்ற இரும்புசார் செல்மரணம் பெயர்பெற்ற பிறகு இரும்பு பார்க்க விரும்புபவர்கள் பெருகினார்கள். ரோநாக்ஸ்-1, எஃப்ஐபி-1 போன்ற வினைப்புரோப்களும் அப்படியே. இவை இரட்டை நேர்மின் இரும்போடு வினைபுரிந்து நிரந்தரமாக மாறுகின்றன. கால்சீனைவிட இரும்பின் நிலையைத் துல்லியமாகப் பிரிக்கும். சிறிதளவு இரும்பையும் நேரம் கொடுத்தால் சேர்த்துக் காட்டும். ஆனால் திரும்பிப் போகாது. இரும்பு இறங்கினாலும் ஒளி இறங்காது. 30 நிமிடம் விட்ட தட்டும் 40 நிமிடம் விட்ட தட்டும் ஒப்பிடத் தகுதியற்றவை. அணைத்துக்காட்டும் சோதனையும் இங்கே செல்லாது என்பதால், கீலேட்டரை முன்கூட்டியே கொடுத்து ஒளி ஏறாமல் தடுத்துக் காட்ட வேண்டும். இரும்பு ஏறியதா என்பதற்கு எஃப்ஐபி வகை, நிமிடத்துக்கு நிமிடம் எப்படி அசைகிறது என்பதற்குக் கால்சீன்.

திசுவுக்குள் போனால்

தட்டில் பரப்பிய செல்லுக்கும் திசுத்துண்டுக்கும் நடுவே விதிகள் மாறிவிடுகின்றன. தட்டில் ராஜாவான ஃபியூரா-2 திசுவில் தடுமாறும். 340 நானோமீட்டர் ஒளி ஆழம் போகாது. போன இடத்திலும் செல்லில் இயல்பாகவே ஒளிரும் என்ஏடிஎச் மூலக்கூறைத் தூண்டி நீலப் பின்னணியை எழுப்பும். 1990-இல் வந்த இரு ஃபோட்டான் நுண்ணோக்கி, சிதறல் குறைந்த நீண்ட அலைநீளத்தால் தூண்டி, சில நூறு மைக்ரோமீட்டர் ஆழம்வரை தெளிவாகக் காட்டுகிறது. அங்கே ஓரிகன் கிரீன் பாப்டா-1 போன்ற சாயத்தைத் திசுவுக்குள் ஊசியால் செலுத்தி நூற்றுக்கணக்கான செல்களை ஒரேயடியாக நிரப்பும் முறை 2003-இல் வந்தது. ஆனால் நரம்பணு, துணைச்செல் என்று பார்க்காமல் எல்லாமே நிரம்பும். பல வாரம் அதே செல்லுக்குத் திரும்பி வரவும் முடியாது. உயிருள்ள விலங்கின் மூளைக்கு இன்று ஜீகேம்ப்தான், தயக்கமே வேண்டாம். அன்றே வெட்டி அன்றே முடிக்கும் துண்டுக்குச் சாயம்.

திசுவில் விகிதம் எடுப்பது கடினம் என்றால் ஒளிர்வு ஆயுளை அளக்கலாம். தூண்டிய பின் ஒளி எத்தனை நானோநொடி நீடிக்கிறது என்பது சாயத்தின் அளவைச் சார்ந்தது இல்லை; ஒற்றை நிறமான ஓரிகன் கிரீன் பாப்டா-1-ஐக் கூட இப்படி எண்ணாக மாற்ற முடியும். கருவி விலை அதிகம், படம் எடுக்க நேரமும் அதிகம்.

தாவரத் திசுவில் ஏஎம் எஸ்டரை நம்பி இறங்க வேண்டாம். செல்சுவரில் இருக்கும் எஸ்டரேஸ்கள் வெளியிலேயே மூடியைக் கழற்றிவிடும். சாயம் சுவரில் நின்றுவிடும். தாவரங்களில் மரபணு உணரிகள் இத்தனை பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃபார்மலின் போன்றவற்றால் நிலைப்படுத்திய திசுவைக் கொடுத்து, ‘இதில் கட்டில்லாத துத்தநாகம் பார்த்துத் தாருங்கள்’ என்று கேட்பவர்களும் உண்டு. நிலைப்படுத்தும்போதே புரதங்களின் பிடி மாறி அயனிகள் இடம்பெயர்ந்துவிடும்; அதற்குமேல் சாயம் காட்டுவது செல் உயிரோடிருந்த நேரத்தின் நிலை இல்லை. உறைந்த துண்டில் மொத்த உலோகம் எங்கே எவ்வளவு என்பதுதான் கேள்வி என்றால், அதற்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வு நுண்ணோக்கியும், லேசரால் சுரண்டி நிறை அளக்கும் கருவியும் இருக்கின்றன. அந்தத் துண்டை என்னிடம் கொண்டுவருபவர்களை அங்கேதான் அனுப்பிவைக்கிறேன்.